உப்பு காய்ச்சுகிற பப்

இங்கிலாந்தின் கிராமப்புறச் சாலைகளில் போனால் ஊருக்கு ஒரு பப்பாவது கண்ணில் படும். வாசலில் ஒரு கரும்பலகை நிற்கும். அன்றைய சூப் என்ன, ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் உண்டா, நாயைக் கூட்டி வரலாமா என்பதையெல்லாம் சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். அதற்குக் கீழே, அநேகமாகத் தவறாமல், இன்னொரு வரி இருக்கும்: எங்கள் சமையல் எல்லாம் உள்ளூர் விளைச்சலில்.

இந்தக் கடைசி வரியை நான் நம்புவதை விட்டு ரொம்ப நாளாயிற்று. இந்த நாட்டில் ஒரு பொருளை ஆர்கானிக் என்று சொல்லி விற்க வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். உள்ளூர்ப் பொருள் என்று எழுத எந்தச் சான்றும் தேவையில்லை, சட்டத்தில் அதற்கு வரையறையே கிடையாது. விவசாயிகள் சந்தை நடத்துகிறவர்கள் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் 30 மைலுக்குள் விளைந்திருக்க வேண்டும், லண்டன் சந்தைகளில் மட்டும் 100 மைல் வரை விடுவார்கள். பப்புகளுக்கு அதுகூட இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் விளைந்ததும் உள்ளூர்தான், ஸ்காட்லாந்திலிருந்து வந்ததும் உள்ளூர்தான்.

ஒருமுறை, ஊர் பேர் வேண்டாம், இப்படிப் பலகை வைத்த ஒரு பப்பில் இறால் கேட்டேன். எந்தக் கடலில் பிடித்தது என்று சும்மா விசாரித்தேன். பரிமாறிய பையனுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது. கொஞ்சம் யோசித்துவிட்டு, “செவ்வாய்க்கிழமை லாரியில் வருது சார்” என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அந்த மேசையில் உண்மை பேசிய ஒரே ஆள் அவன்தான். உறைய வைத்த பை (மாவுக்குள் கறி வைத்துச் சுடுவது), உறைய வைத்த சிப்ஸ், பாக்கெட்டில் வந்த கிரேவி எல்லாம் அந்த லாரியில்தான் வருகின்றன. அதே லாரி அடுத்த ஊர் பப்புக்கும் போகிறது. அதனால்தான் கார்ன்வாலில் சாப்பிட்டாலும் நார்ஃபோக்கில் சாப்பிட்டாலும் பல பப்புகளில் ஒரே ருசி.

அதிலிருந்து நான் ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். பட்டியலை வாங்கியதும், அதில் என்ன இல்லை என்று பார்ப்பேன். பிப்ரவரியில் தக்காளி இல்லாமல் இருக்கிறதா? கடல் கொந்தளித்த வாரத்தில் மீன் குறைந்திருக்கிறதா? எல்லா மாதமும் எல்லாம் கிடைக்கிற சமையலறையில் உள்ளூர் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

இந்தச் சோதனையில் தேறுகிற பப்புகள் இருக்கின்றன. அவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது கென்ட் மாகாணத்தின் வடக்குக் கரையில், சீசால்ட்டர் என்ற இடத்தில் இருக்கும் ‘தி ஸ்போர்ட்ஸ்மேன்’. பத்திரிகைகளில் நிறைய எழுதித் தீர்த்த இடம்தான். 2008-இலிருந்து, சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரம், 2016-இல் நாட்டின் தலைசிறந்த உணவகம் என்ற விருது எல்லாம் உண்டு. ஆனால் அங்கே நான் கண்டதை எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு நட்சத்திரம் காரணமில்லை. கூட வந்த என் மாமாதான் காரணம்.

மாமா வேதாரண்யத்துக்காரர். அம்மாவின் தம்பி. உப்பள வேலையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். செப்டம்பரில் எங்களைப் பார்க்க வந்திருந்தார். லண்டனில் பாலம், அரண்மனை, அருங்காட்சியகம் எல்லாம் காட்டியாயிற்று. எதைப் பார்த்தாலும், “சரிதான்” என்று ஒரு வார்த்தை, அதோடு முடிந்தது. கடலுக்குப் போகலாமா என்று கேட்டதும்தான் முகம் மலர்ந்தது.

செயின்ட் பான்க்ரஸில் ரயிலேறி விட்ஸ்டபிளில் இறங்கினோம். அங்கிருந்து கடலோரமாகவே மேற்கே நடந்தால் சுமார் நான்கு மைல். வலது கைப்பக்கம் கடல், இடது பக்கம் வரிசையாக மரக் குடில்கள், பிறகு கேரவன் பூங்காக்கள், அப்புறம் தட்டையான சதுப்பு நிலம். கரையில் மணலைவிடக் கூழாங்கல்லும் சிப்பி ஓடும்தான் அதிகம். ஸ்வேல் கழிமுகம் அங்கே வந்து கலக்கிறது, தண்ணீர் நீலமாக இருக்காது. “கடல் ஏன் மாப்ள கழுநீர் மாதிரி இருக்கு?” என்று கேட்டார் மாமா. கேட்டுவிட்டுக் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு கம்மிதான். ஆறு கலக்குதுல்ல” என்றார். உப்பளக்காரர் நாக்கு.

சதுப்பில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. உப்பு நீர் ஏறி இறங்குகிற இந்த மாதிரி நிலங்களில் சாதாரணப் புல்லோடு, உப்பைத் தாங்கி வளரும் தடித்த இலைச் செடிகளும் கிடைக்கும். அதை மேய்ந்து வளர்ந்த ஆட்டுக்கறிக்கு இங்கே தனி மரியாதை. மாமா ஆட்டைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், “நம்ம கோடியக்கரைப் பக்கம் மாதிரிதான் இருக்கு, குளிர்தான் ஜாஸ்தி” என்றார்.

கடல் தடுப்புச் சுவருக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது பப். இத்தனை தூரம் கடலோரம் நடந்து வந்து உள்ளே உட்கார்ந்தால் கடல் தெரியாது, சுவர் மறைத்துவிடும். சுற்றிலும் ஊர் என்று சொல்ல எதுவும் இல்லை. விருது வாங்கிய உணவகம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். உள்ளே தேய்ந்த மர மேசைகள், மேசை விரிப்பு கிடையாது. பாரில் ஷெப்பர்ட் நீம் பீர்க் குழாய்கள். பக்கத்து ஊரான ஃபேவர்ஷாமில் இருக்கும் மதுவடிப்பாலை அது. 1698 என்று தன் வயதைச் சொல்லிக்கொள்ளும் கம்பெனி. இந்தக் கட்டடமும் அவர்களுடையதுதான்.

1940 செப்டம்பர் 27-ஆம் தேதி, பக்கத்துக் கிரேவ்னி சதுப்பில் ஒரு ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் அடிபட்டு இறங்கியது. இந்தப் பப்பில் தங்கியிருந்த லண்டன் ஐரிஷ் ரைஃபிள்ஸ் வீரர்கள் பிடிக்கப் போனபோது விமானத்தில் இருந்தவர்கள் துப்பாக்கியால் சுட்டார்கள். சண்டை கொஞ்ச நேரத்தில் முடிந்தது, யாரும் சாகவில்லை. பிரிட்டன் மண்ணில் அந்நியப் படையோடு நடந்த கடைசிச் சண்டை அதுதான் என்பார்கள். சிறைபிடித்தவர்களை இங்கே கூட்டி வந்து ஆளுக்கு ஒரு பைன்ட் பீர் வாங்கிக் கொடுத்தார்களாம். பப் என்பது இவர்களுக்கு என்ன என்று கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஸ்டீஃபன் ஹாரிஸ் இந்த இடத்தை 1999-இல் தம் சகோதரரோடு எடுத்தார். சமையல் படித்தவர் இல்லை. சரித்திர ஆசிரியராக இருந்தவர், பிறகு நிதி ஆலோசகர். லண்டனின் பெரிய உணவகங்களில் காசு கொடுத்துச் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து அதையே செய்து பார்த்துப் பார்த்துக் கற்றவர். சரித்திரம் படித்த புத்திதான் இந்தப் பப்பை இப்படி ஆக்கியது என்று எனக்குத் தோன்றும். 1086-இல் வில்லியம் மன்னன் எடுத்த நிலக் கணக்கில் சீசால்ட்டரும் வருகிறது. கேன்டர்பரி பேராலயத்தின் சமையலறைக்குச் சொந்தமான நிலம் என்று அதில் குறித்திருக்கிறார்கள். துறவிகளுக்கு மீனும் சிப்பியும் உப்பும் இங்கிருந்து போயிருக்கின்றன. அதே கரையில் அடுப்பு மூட்டியவருக்கு, கடலும் சதுப்பும் பழத்தோட்டமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது வேறு எங்கே போய்ச் சரக்குத் தேடுவது என்று தோன்றியிருக்கும்.

முதலில் வந்தது சிப்பி. விட்ஸ்டபிள் சிப்பிக்குப் பேர் போன ஊர். அங்கே இரண்டு ஜாதி உண்டு. வட்டமாகத் தட்டையாக இருப்பது நாட்டுச் சிப்பி. நீளமாக ஓடு முரடாக இருப்பது பசிபிக்கிலிருந்து கொண்டுவந்து வளர்த்தது, வருஷம் முழுக்கக் கிடைக்கும். நாட்டுச் சிப்பி கோடையில் கிடைக்காது, அது முட்டையிடும் காலம். செப்டம்பர் பிறந்தால்தான் பட்டியலில் ஏறும். மாமா பச்சையாகச் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “நீ சாப்பிடு, நான் பாக்குறேன்.” நாட்டுச் சிப்பியில் கொஞ்சம் செம்பு வாடை அடிக்கும், விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். மற்றது வெறும் உப்புத் தண்ணீரும் வழவழப்பும். இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் நிறையப் பேர்.

பிறகு ரொட்டியும் வெண்ணெயும். நிறைய உணவகங்களில் ரொட்டி, சாப்பாடு வரும்வரை கைக்கு ஒரு வேலை, அவ்வளவுதான். இங்கே அதுவே ஒரு சாப்பாடு. ரொட்டி அவர்கள் சுட்டது. வெண்ணெய் அவர்கள் கடைந்தது. பாலாடையைப் புளிக்க வைத்துக் கடைவதால், நம் வீட்டில் தயிர் கடைந்து எடுக்கும் வெண்ணெய்க்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. கடைக் கட்டியில் அந்தப் புளிப்பு வராது. மேலே தூவியிருந்தது அவர்களே கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த உப்பு.

மாமா வெண்ணெயை விட்டுவிட்டு உப்பைத்தான் பிடித்துக்கொண்டார். கத்தி முனையில் இரண்டு சில்லு எடுத்து உள்ளங்கையில் வைத்து நகத்தால் நசுக்கினார். மெல்லிய சில்லு, சட்டென்று உடைந்தது.

“இது வெயில்ல எடுத்தது இல்ல. காய்ச்சி எடுத்தது.”

“எப்படி மாமா தெரியுது?”

“வெயில்ல கெடந்து முத்துனா கல்லு மாதிரி கட்டியா நிக்கும். இது சட்டி உப்பு. மேலாக மெதக்கும்போதே வழிச்சிருப்பான்.”

அப்படித்தான் செய்கிறார்கள். கடல் தண்ணீரை மொண்டு வந்து, கசடு அடங்க விட்டு, வடிகட்டி, அடுப்பில் வற்றக் காய்ச்சுகிறார்கள். பொதுவாக ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்றுத் தண்ணீர் கலந்த இந்தக் கரையில் அதற்கும் கீழே போகலாம். பத்து லிட்டர் வாளித் தண்ணீரை முழுக்கக் காய்ச்சினாலும் 350 கிராமைத் தாண்டாது. எரிபொருள், நேரம், ஆள் கூலி எல்லாம் சேர்த்தால், சூப்பர் மார்க்கெட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ஒரு பொருளுக்கு இது பைத்தியக்கார வேலை. இந்தக் கரையில் ஒரு காலத்தில் உப்புதான் தொழில். உப்பை ஏன் நாமே எடுக்கக் கூடாது என்று ஒருவர் யோசித்து, நஷ்டக் கணக்கு தெரிந்தும் செய்கிறார். உள்ளூர் என்று சாக்பீஸில் எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் அந்தச் சட்டிதான்.

மாமாவுக்குக் கணக்கு உதைத்தது. “வெறகுக்கே கட்டாதே மாப்ள.” கொஞ்ச நேரம் கழித்து, “1930-ல நம்ம ஊர்ல உப்பு அள்ளுனதுக்கு ராஜாஜியப் புடிச்சு உள்ள போட்டானுவ. இப்ப இவன் அள்ளி வெண்ணெயில தூவுறான். சாப்புடு சாப்புடு” என்று ரொட்டியை என் பக்கம் தள்ளினார்.

அடுத்து வந்ததுதான் இந்தப் பப்பின் பேர் சொல்லும் பண்டம். ஸ்லிப் சோல் என்று சொல்கிற சின்ன மீன், மேலே கடற்பாசி கலந்த வெண்ணெய். தட்டில் ஒரு முழு மீன், முள்ளோடு. பக்கத்தில் கீரை இல்லை, சாஸ் இல்லை, பூ அலங்காரம் இல்லை. தட்டையான பழுப்பு மீன் மேல் உருகி வழியும் வெண்ணெய், அதில் பச்சைப் பச்சையாகப் பாசித் துணுக்கு. அவ்வளவுதான்.

“இது நாக்கு மீன்டா!” என்றார் மாமா, பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும் சத்தத்தில். “நம்ம பக்கம் சின்னதா வந்தா கருவாட்டுக்குப் போட்டுருவான்.”

அச்சு அசல் அதே மீன் இல்லை, சொந்தக்காரன் என்று சொல்லலாம். டோவர் சோல் என்ற உயர்ந்த விலை மீனின் சின்ன அளவு இது. பெரியது லண்டன் ஓட்டல்களுக்குப் போகும். சின்னதைத் தோலுரித்து முள் எடுக்க ஆகும் வேலைக்குக் கறி தேறாது என்று அதிகம் பேர் சீண்டுவதில்லை. அதைத்தான் இவர்கள் எடுத்து முழுசாக கிரில்லில் வாட்டி, கரையில் கிடைக்கும் பாசியை வெண்ணெயில் கலந்து ஊற்றினார்கள். பெரிய மீனுக்குப் போட்டி போடாமல், பக்கத்தில் மலிவாகக் கிடைத்ததை எடுத்துப் பேர் வாங்கியிருக்கிறார்கள்.

எப்படித் தின்பது என்று நான் கத்தியையும் முள்கரண்டியையும் வைத்து யோசித்துக்கொண்டிருந்தபோது மாமா விரலால் நடு முள்ளோரம் ஒரு கீறு கீறி, இரண்டு பக்கமும் வழித்து, நான்கு துண்டாக எடுத்து வைத்துவிட்டார். முள் ஒரே கோவையாக முழுசாக வந்தது. தட்டெடுக்க வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, சமையலறையில் வேலை இருக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்று சிரித்தாள். மாமாவுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். “சம்பளம் எவ்வளவுன்னு கேளு” என்றார்.

மீனின் கறி இறுக்கமாக, கொஞ்சம் தித்திப்பாக இருந்தது. பாசி வெண்ணெய் வாயில் பட்டதும் வருகிற அந்தக் கடல் வாசனை மீனிலிருந்து வருகிறதா, வெண்ணெயிலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியவில்லை. காரம் துளியும் இல்லாத சாப்பாட்டை மாமா தட்டு வழித்துச் சாப்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

ஆட்டுக்கறியும் வந்தது. விலாப் பக்கத்துக் கொழுப்புக் கறியை மெதுவாக வேகவைத்து, தூள் புரட்டி மொறுமொறுவென்று பொரித்து, தொட்டுக்கொள்ளப் புதினா சாஸ். ஆங்கிலேயரின் புதினா சாஸில் வினிகரும் சர்க்கரையும்தான் இருக்கும், பச்சை மிளகாயோ தேங்காயோ கிடையாது. நம் துவையலை நினைத்துக்கொண்டு தொட்டால் ஏமாற்றம்தான். ஆனால் அந்தக் கொழுப்புக்கு அந்தப் புளிப்பு வேண்டியிருக்கிறது. மாமா ஒரு வாய் எடுத்துவிட்டுப் புதினாவை ஓரம் கட்டி வைத்தார். அதோடு சரி.

குடிக்க நான் ஒரு பைன்ட் பீர், அவருக்கு ஆப்பிள் சாறு. கென்ட்டை இங்கிலாந்தின் தோட்டம் என்பார்கள். ஃபேவர்ஷாம் பக்கத்தில் பிராக்டேல் என்ற இடத்தில் தேசியப் பழச் சேகரிப்பு இருக்கிறது, ஆப்பிளில் மட்டும் 2,000 ரகங்களுக்கு மேல் நட்டு வளர்க்கிறார்கள். இந்தப் பக்கம் சாறு விற்கும்போதும் ரகத்தின் பேரைப் போட்டே விற்பார்கள். காக்ஸ் தனி, ரசெட் தனி, சமையலுக்கு ஆகும் புளிப்பு பிராம்லி தனி. “சக்கரை போடலைங்கிறே?” என்று மாமா இரண்டு முறை கேட்டார். பீருக்கு மணம் தரும் ஹாப்ஸ் கொடியும் இங்கேதான் விளைகிறது. ஒரு காலத்தில் கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்கள் குஞ்சு குளுவானோடு செப்டம்பரில் வந்து, குடிசையில் தங்கி, ஹாப்ஸ் பறித்துக் கூலி வாங்கிப் போவார்கள். அவர்களுக்கு அதுதான் வருஷத்து விடுமுறையும். இயந்திரம் வந்த பிறகு அது நின்றது. இப்போது ஆப்பிளும் ஸ்ட்ராபெரியும் பறிக்கப் பருவகால விசாவில் வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார்கள். உள்ளூர்ப் பழம் என்று தட்டில் வைக்கும்போது அதைப் பறித்த கை எந்த ஊர்க் கை என்று எந்தப் பலகையும் எழுதுவதில்லை.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவான இடம் இல்லை. பக்கத்துக் கேரவன் பூங்காவில் விடுமுறைக்கு வருகிற குடும்பம் நினைத்தபோது நுழைந்து சாப்பிடும் இடமும் இல்லை. இங்கே இதுதான் எனக்கு உறுத்துகிற விஷயம். பக்கத்து வயலில் விளைந்தது வசதியானவர்களுக்கு, ஆயிரம் மைல் தாண்டி உறைந்து வருவது மற்றவர்களுக்கு என்று ஆகிவிட்டது. பப்புகளைச் சும்மா திட்டவும் மனம் வரவில்லை. சூப்பர் மார்க்கெட் பீர் மலிவாகிவிட்டது. 2007 ஜூலையில் புகைத் தடை வந்தது. வெறும் குடியை நம்பிப் பிழைக்க முடியாது என்று ஆனபோது சாப்பாடுதான் பல பப்புகளைத் தூக்கி நிறுத்தியது. அதற்கு முன்பே, 1991-இல், லண்டன் கிளார்க்கன்வெல்லில் ‘தி ஈகிள்’ என்ற பப் இந்தப் பாதையைத் திறந்துவிட்டது. அடுப்பு வைத்த எல்லோராலும் உப்புக் காய்ச்ச முடியாது. ஆள் இல்லாத செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஒரே சமையல்காரரோடு நடத்துகிறவருக்கு அந்த லாரி வருவது நிம்மதி. நான் கேட்பதெல்லாம், லாரியில் வருவதை லாரி என்றே எழுதிவிடுங்கள் என்பதுதான்.

சோதனையை மறக்கவில்லை. சீசால்ட்டர்ப் பட்டியல் ரொம்பச் சின்னது. அவகாடோ இல்லை, சூரை மீன் இல்லை, உலகம் பூராவும் சுற்றி வந்த இறால் இல்லை. காப்பியும் சாக்லேட்டும் ஒயினும் கடல் தாண்டித்தான் வந்தாக வேண்டும், அதை உள்ளூர் என்று யாரும் அங்கே சொல்லவும் இல்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், வார நாளில் இடம் கிடைப்பது சுலபம். திரும்பி வர டாக்ஸியை ரயில் நிலையத்திலேயே பேசி வைத்துவிடுங்கள், அங்கே போய்த் தேடினால் கிடைக்காது. வயிறு நிறைந்த பிறகு நான்கு மைல் நடக்க மாமாவாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. நாட்டுச் சிப்பி கோடையில் வராது, சதுப்பு ஆட்டுக்கறி கோடையிலும் இலையுதிர் காலத்திலும்தான் நன்றாக இருக்கும். இரண்டும் ஒரே மேசையில் வேண்டுமானால் செப்டம்பர், விட்டால் அக்டோபர்.